சோறு போட்டது யார்?

தமிழில் பயண இலக்கியம் போதிய அளவு தழைக்கவில்லை என்னும் குறை வெகு நாட்களாகச் சொல்லப்படுவது. இதற்குக் கூறப்படும் காரணங்களும் பழையவையே. நம்மவர் பிழைப்புக்காகப் போனார்கள், ஊர் பார்க்கப் போகவில்லை என்பார்கள். பார்க்கப் போனவர்களுக்கு எழுதத் தெரியவில்லை என்பார்கள். எழுதத் தெரிந்தவர்களுக்குப் போக வசதியில்லை என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவை எல்லாமே குறையைப் பயணியின் தலையில் சுமத்துகின்றன. திரும்பி வந்தவரை எதிர்கொள்ளும் நம்மைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பயணக் கட்டுரை எழுதும் மேசையில் பிறப்பதற்கு முன், உண்ணும் இலையின் முன் பிறக்க வேண்டும் என்பதும், அங்கே அது பிறக்காமற் போவதற்குக் கேட்பவர்களாகிய நாமே பெரிதும் பொறுப்பு என்பதும் எங்கள் கருத்து.

இது புதிய கருத்தன்று. நம் மரபிலேயே அழுத்தமாக இருப்பதுதான். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். ஆற்றுப்படை என்பது என்ன? போய் வந்தவன் ஒருவன், போக வேண்டியவன் ஒருவனை வழியில் காண்கிறான். தான் கண்டதைச் சொல்கிறான். முருகனிடம் ஆற்றுப்படுத்தும் நூலை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கையும் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படும். வழிக்கு அடையாளமாகச் சொல்லப்படுவனவற்றுள் பெரும்பகுதி சோறும் அதை இட்ட கைகளுமே. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்றால் சுட்ட மீன். வேலூர் என்றால் எயினப் பெண்கள் சமைத்த புளிச்சோறு. ஆமூர் என்றால் நண்டோடு வெண்சோறு. பொருநராற்றுப்படையின் பொருநனோ, கரிகாலன் அரண்மனையில் இரவும் பகலும் ஊன் தின்று தன் பற்கள் உழுது தேய்ந்த கொழுவைப்போல மழுங்கிவிட்டதாகக் கூறுகிறான். இதை வெறும் சாப்பாட்டுப் பட்டியல் என்று ஒதுக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். உணவைச் சொல்லும்போதே அதைச் சமைத்தவர் யார், அவர் செய்யும் தொழில் என்ன, அவர் வாழும் நிலம் எது என்பவை எல்லாம் அங்கே சொல்லப்பட்டுவிடுகின்றன. புலவர்கள் நிலத்தை அறிந்துகொண்டது அடுப்படியின் வழியாக.

இன்றைய நிலை என்ன? வெளிநாடு போய் வந்தவரை நாம் உணவுக்கு அழைக்கிறோம். அதில் குறை வைப்பதில்லை. இலை நிறையப் பரிமாறுகிறோம். பிறகு கேட்கிறோம்: மொத்தம் எவ்வளவு செலவாயிற்று? குளிர் தாங்க முடிந்ததா? நம் சாப்பாடு கிடைத்ததா? அவரும் விடை சொல்கிறார். அடுத்துக் கைப்பேசி கைமாறுகிறது. கோபுரம், பனிமலை, பாலம், மறுபடியும் கோபுரம். நாலைந்து பேர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து முடிக்கும்போது பயணமும் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சாப்பிடும்போது பேசக்கூடாது என்று குழந்தைப் பருவத்திலேயே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். விருந்தோம்பலை அறமாக்கி அதற்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே வைத்திருக்கும் சமூகம், விருந்தினர் பேசுவதற்கென்று ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளவில்லை.

இந்த எண்ணம் எங்களுக்குத் தோன்றக் காரணமானது ஓர் இரவு உணவு. மதுரையில் மாதமொரு முறை கூடிப் புத்தகம் பேசுகிற ஐந்தாறு பேர் நாங்கள். எங்களுள் ஒருவர் தம் தங்கை மகளை மருத்துவக் கல்லூரியில் சேர்ப்பதற்காக ஜார்ஜியா சென்று, மூன்று வாரம் தங்கித் திரும்பியிருந்தார். வேறொரு நண்பர் வீட்டில் அவருக்கு விருந்து. இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும். நண்பர் இயல்பில் நன்றாகப் பேசக்கூடியவர். அன்று அவர் பேச்சு ஏனோ தேய்ந்த நாணயம் போலிருந்தது. "நல்ல ஊருங்க. சுத்தமா இருக்கு. விலைவாசி பரவாயில்லை" என்றார். திரும்பிய பத்து நாட்களில் ஏழெட்டு வீடுகளில் ஒரே வகைக் கேள்விகளுக்கு விடை சொல்லிச் சொல்லி, மூன்று வாரத்தை மூன்று வாக்கியமாகச் சுருக்கி வைத்திருந்தார்.

அந்தச் சுருக்கத்தைப் பிரித்தது எங்கள் இலக்கிய அறிவு அன்று. சட்னிப் பாத்திரத்தோடு வந்த, எண்பது வயதைத் தாண்டிய, அந்த வீட்டு அம்மாதான். அவருக்கு ஜார்ஜியா எங்கிருக்கிறது என்று தெரியாது. "அம்புட்டு தூரத்துல, யாரு தம்பி உனக்குச் சோறு போட்டது?" என்று கேட்டார்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேசத் தொடங்கியவர் இரவு பதினொன்றரை மணி வரை நிறுத்தவில்லை.

அவருக்குச் சோறு போட்டது, அந்நாட்டின் கிழக்கில் திராட்சை விளையும் ககேத்திப் பகுதியில், தெலாவி நகருக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கும் குடும்பம். தலைநகரான திபிலீசியில் அவர் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டுக்காரரின் பிறந்த ஊர் அது. முற்றத்தில் இடுப்பளவு மண்ணுக்குள் எதையோ புதைத்து வாய் மட்டும் தெரிய மூடி வைத்திருந்தார்களாம். கேட்டதற்கு, குவெவ்ரி எனப்படும் மண்சாடி என்றார்கள். திராட்சையைத் தோலோடும் விதையோடும் அதற்குள் இட்டு மூடி மதுவாக நொதிக்க விடுவது அவர்கள் முறை. எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்நிலத்தில் மது செய்யப்பட்டதற்கான தடயங்களை அகழாய்வாளர் மண்சாடித் துண்டுகளில் கண்டிருக்கிறார்கள். குவெவ்ரி முறையை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நண்பர் மது அருந்துவதில்லை. அவருக்கு மாதுளைச் சாறு கொடுத்தார்கள். கத்திரிக்காயை வதக்கி, அக்ரூட் விழுதைப் பூசிச் சுருட்டி வைத்திருந்தார்களாம். மண்பானையில் வெந்த காராமணி போன்ற ஒன்று, பாலாடைக் கட்டி வைத்துச் சுட்ட கச்சாபுரி ரொட்டி. சைவம் உண்பவருக்கு அங்கே சிரமமே இல்லை; அவர்கள் திருச்சபை விதித்த விரத நாட்கள் அத்தனை என்பதால் புலால் இல்லாத சமையலில் கைதேர்ந்தவர்கள் என்றார்.

ஆனால் அவர் சொல்ல விரும்பியது உணவைப் பற்றி அன்று. அவ்விருந்தின் ஒழுங்கைப் பற்றி. சுப்ரா என்று அதற்குப் பெயர். அதற்குத் தலைவர் ஒருவர் உண்டு, அவர் தமதா. அவர் எழுந்து ஒரு பொருளைப் பற்றிப் பேசாமல் யாரும் கோப்பையை உயர்த்துவதில்லை. அமைதிக்காக, நாட்டுக்காக, மறைந்தவர்களுக்காக, குழந்தைகளுக்காக என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொருள். தமதா பேசி முடித்ததும், வந்திருப்போருள் ஒருவரைச் சுட்டி 'அலவெர்தி' என்கிறார். சுட்டப்பட்டவர் அதே பொருளை ஏற்று, அதன்மேல் தம் பங்கைச் சேர்த்துப் பேச வேண்டும். பொருளை மாற்றக் கூடாது. சொன்னதையே திருப்பிச் சொல்லவும் கூடாது. அதாவது, முதலில் பேசியவரை ஒழுங்காகக் கேட்டிருந்தால் மட்டுமே இரண்டாமவர் பேச முடியும். கேட்பதைக் கட்டாயமாக்கும் விருந்து அது.

மறைந்தவர்களுக்கான சுற்று வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரொட்டித் துண்டின் மேல் சில துளி மதுவைச் சிந்தினார்கள். தமதாவாக இருந்த முதியவர் தம் தாயைப் பற்றிப் பேசிவிட்டு, நம் நண்பரை நோக்கி அலவெர்தி என்றார். நண்பர் ஆங்கிலத்தில் தொடங்கினார். பள்ளி ஆசிரியையான அந்த வீட்டுப் பெண் மொழிபெயர்க்க முனைந்தார். முதியவர் கையமர்த்தி, உங்கள் தந்தையோடு நீங்கள் எந்த மொழியில் பேசினீர்களோ அந்த மொழியிலேயே பேசுங்கள் என்றாராம்.

அவர் தமிழில் பேசினார். அவருடைய தந்தை கிராமத்து அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு, சிங்கப்பூரிலிருந்தும் பட்டாளத்திலிருந்தும் வரும் கடிதங்களைப் படித்துக் காட்டிப் பதிலும் எழுதித் தருவார். பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவர் வினவினால், வரிசையாக வந்த பெண்கள் அனைவரும் ஒரே விடையைத்தான் சொல்வார்களாம்: சோறு தண்ணிக்கு என்ன செய்கிறான் என்று கேளுங்கள். 2020-இல், ஊரடங்கு நாட்களில் அவர் காலமானபோது நண்பர் வேறு மாநிலத்தில் அகப்பட்டிருந்தார். இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தார். இவற்றையெல்லாம் யாருக்கும் தமிழ் தெரியாத ஒரு முற்றத்தில் சொல்லி முடித்தார். எல்லோரும் நின்றபடியே கேட்டார்கள். முடித்ததும் முதியவர் அவர் தந்தையின் பெயரை மட்டும் கேட்டு, அதை ஒருமுறை தம் வாயால் சொல்லிக் கோப்பையை உயர்த்தினார்.

எங்களுக்கு முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள மனிதர் அவர். அந்த அஞ்சலகத்தைப் பற்றி அன்றுதான் நாங்கள் கேள்விப்பட்டோம். அவர் மறைத்தார் என்பதில்லை. சொல்லுமாறு அழைக்கும் இருக்கை ஒன்று நம் பந்தியில் கிடையாது. அயல்நாட்டார் ஒருவர் வீட்டு முற்றத்தில் அது இருந்தது.

அந்த ஆசிரியை சொன்ன இன்னொரு செய்தி இங்கே குறிப்பிடத் தக்கது. சித்திரைப் பிறப்பு எங்கள் புத்தாண்டு என்று நண்பர் பேச்சுவாக்கில் கூற, ஏப்ரல் 14 எங்களுக்கும் முக்கியமான நாள் என்றாராம் அவர். 1978-இல், சோவியத் ஆட்சியில், குடியரசின் புதிய அரசியலமைப்பில் ஜார்ஜிய மொழியே அரசு மொழி என்னும் விதி நீக்கப்படவிருந்தது. அதை எதிர்த்து ஏப்ரல் 14 அன்று மாணவர்கள் முன்னிற்கப் பல்லாயிரம் பேர் திபிலீசித் தெருக்களில் திரண்டார்கள். ஆட்சியாளர்கள் பணிந்தார்கள், விதி நிலைத்தது. அந்த நாளை இன்றும் தாய்மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் ஒரு தமிழ்ப் பந்தியில் என்ன நிகழும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே 1965 வந்துவிடும். வருவது இயல்பே. ஆனால் பயணி சொல்லி முடிக்குமுன் அது வந்துவிட்டால், அவர் கொண்டுவந்த கதை நம் கதைக்கு அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போகும். பொறுமையாகக் கேட்டால்தான் வேறுபாடுகள் புலப்படுகின்றன. அவர்கள் போராடியது தங்கள் குடியரசுக்குள் தங்கள் மொழிக்கு இருந்த இடத்தைக் காக்க. நாம் போராடியது இந்தி மட்டுமே ஒன்றியத்தின் ஆட்சிமொழியாவதைத் தடுக்க. 1978-இல் திபிலீசியில் உயிரிழப்பின்றி முடிந்தது. இங்கே தீக்குளித்தும் குண்டடி பட்டும் பலர் மாண்டார்கள். ஆனால் அதே நகரில், 1989 ஏப்ரல் 9 அன்று, விடுதலை கேட்டுக் கூடியிருந்தோர் மீது ராணுவம் ஏவப்பட்டு ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு செய்யும் ஒப்பீட்டுக்குத்தான் பொருளுண்டு.

அதற்கும் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்நாட்டில் ஜார்ஜிய மொழி பேசாதவர்கள் இதை எவ்வாறு கண்டார்கள்? எங்களுள் ஒரு தோழியார் இதைக் கேட்டார். நண்பரும் அங்கே அதைக் கேட்டிருந்தார். அதே 1978-இல் கருங்கடல் கரையிலுள்ள அப்காசியர்கள், ஜார்ஜியாவின் மேலாதிக்கம் வேண்டாம், எங்களைப் பிரித்துவிடுங்கள் என்று மாஸ்கோவுக்கு முறையிட்டார்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் 1992-93-இல் அங்கே போர் மூண்டு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. தன் மொழிக்காக நின்ற ஒரு மக்கள், தம்மினும் சிறிய மொழிக்காரர்களின் அச்சத்தைப் போதிய அளவு காதில் வாங்கினார்களா? அந்த ஆசிரியை இக்கேள்விக்கு நெடுநேரம் யோசித்து, எங்கள் பாடநூல்களில் இல்லாத கேள்வி என்று மட்டும் சொன்னாராம். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அகப்படாத வாக்கியம் இது. ஒரு கேள்வி கேட்கப்பட்டதால் அங்கே பிறந்தது. இன்னொரு கேள்வி கேட்கப்பட்டதால் மதுரை வரை வந்து சேர்ந்தது.

சாப்பாட்டைப் பற்றித்தான் நாமும் கேட்கிறோமே என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் 'நம் சாப்பாடு கிடைத்ததா' என்பது நம்மைப் பற்றிய கேள்வி. பயணியை அது ஊர் எல்லையை விட்டே வெளியேற விடுவதில்லை. 'சோறு போட்டது யார்' என்பது அவர்களைப் பற்றிய கேள்வி. அதற்கு விடையாக ஒரு மனிதர் வந்தாக வேண்டும். மனிதர் வந்தால் அவருக்குப் பின்னால் வீடு வரும். வீட்டுக்குப் பின்னால் நிலமும் மொழியும் போரும் வரும். எப்போதோ ஆற்றுப்படைக் கவிஞர்கள் அறிந்திருந்த சூத்திரம் இது.

தமிழில் நிலைத்து நிற்கும் பயண எழுத்துகளை எடுத்துப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. ஏ.கே. செட்டியார் தம்மைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, சந்தித்தவர்களை முன்னுக்கு வைத்தார். காந்தியைப் பற்றி 1940-இல் அவர் வெளியிட்ட ஆவணப்படமே, பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களை வைத்திருந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டதன் விளைவு. கேட்பதையே தொழிலாகக் கொண்ட பயணி அவர். 1973-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்தின் கீழ்ச் சென்ற அசோகமித்திரன், அந்த அனுபவத்திலிருந்து எழுதிய 'ஒற்றன்' நாவலில் காட்சி விவரணை மிகக் குறைவு. உடன் தங்கியிருந்த பல நாட்டு எழுத்தாளர்களின் பிடிவாதங்களும் தனிமையும் நிறைந்திருக்கின்றன. அந்நூலை வாசித்தவர்களுக்கு அயோவாவின் கட்டடங்கள் நினைவிருக்காது, மனிதர்கள் நினைவிருப்பார்கள்.

இதற்கு மாறாக, எண்ணிக்கையில் மிகுந்த பயண நூல்கள் கைப்பேசிப் படத்தொகுப்பின் அச்சு வடிவமாகவே இருக்கின்றன. விமானம் ஏறினோம், இறங்கினோம், இத்தனை அடி உயரம், இத்தனை ஆண்டுப் பழமை. எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவரிடம் கேட்டதற்குத்தான் அவர் விடை எழுதியிருக்கிறார். உயரத்தைக் கேட்டார்கள், உயரத்தைச் சொன்னார்.

அறியாத நாட்டைப் பற்றி எழுதுவதே கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. ஜார்ஜியர்களின் பெருங்கவி ருஸ்தவேலி, தாமார் அரசியின் காலத்தில், ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டையொட்டி இயற்றிய 'புலித்தோல் போர்த்த வீரன்' காவியத்தின் நாயகருள் ஒருவன் இந்திய இளவரசன். அந்தக் காவியத்து இந்தியாவில் நாம் அடையாளம் காணக்கூடியது ஏதுமில்லை. அது அவர் கனவில் கண்ட நாடு. கவிஞனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரிடமும் கனவு நாட்டையே நாம் எதிர்பார்த்தால், போகாதவருக்கும் போனவருக்கும் வேறுபாடு என்ன?

இன்று திபிலீசியிலும் பத்தூமியிலும் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகள் பலர். படிப்பு ஆறு ஆண்டு. மூன்று வாரப் பயணி காணாததை எல்லாம் அவர்கள் காண்பார்கள். அந்த மொழியின் முப்பத்து மூன்று எழுத்துகளையும் கடைப் பெயர்ப் பலகைகளில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொள்வார்கள். வாடகை வீட்டுப் பாட்டியின் கோபத்தையும் கரிசனத்தையும் அறிவார்கள். தமிழில் இதுவரை எவரும் எழுதியிராத ஒரு நாடு அவர்களுக்குள் சேர்ந்துகொண்டிருக்கும். இரவுதோறும் அவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் பெற்றோர், எல்லாத் தமிழ்ப் பெற்றோரையும் போல, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார்கள். நல்ல தொடக்கம் அது. சாப்பிட்டேன் என்று பிள்ளை சொன்னதும் பேச்சை மதிப்பெண்ணுக்கோ பணத்துக்கோ திருப்பிவிடாமல், யாரோடு சாப்பிட்டாய், அவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மேலும் இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடை முடியும்வரை காத்திருக்கலாம்.